பராபரனைப் பாடியவர்: தஞ்சை வேதநாயக சாஸ்திரியார்

கடவுளைக் குறிக்கும் சொற்களுக்குத் தமிழில் என்றும் பஞ்சமிருந்ததில்லை. அந்த வளமே கிறித்தவத் தமிழரிடையே ஒரு காலத்தில் பூசலுக்கு இடமாயிற்று. கத்தோலிக்கர் சர்வேசுரன் என்று வழங்கினர். 1706ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயரும் தம் மொழிபெயர்ப்பில் அச்சொல்லையே மேற்கொண்டார். அவருக்குப் பின்னர் வேதாகமத்தைப் புதிதாகத் தமிழாக்கிய பெப்ரீசியசு ஐயர் பராபரன் என்னும் சொல்லைத் தெரிந்தெடுத்தார். அவருடைய புதிய ஏற்பாடு 1772இல் அச்சேறியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அதனைத் திருத்தப் புகுந்த பாளையங்கோட்டை இரேனியசு ஐயர் தேவன் என்று மாற்றினார். ஒருவர் செபத்தில் கடவுளை விளிக்கும் சொல்லைக் கேட்ட அளவிலேயே அவர் எந்தச் சபையைச் சார்ந்தவர், எந்தத் தலைமுறையினர் என்று கூறிவிடத்தக்க நிலை அன்று இருந்தது.

இச்சொற்கள் மாறிக்கொண்டிருந்த காலத்தில் தொண்ணூறு ஆண்டுகளை எட்டும் அளவுக்கு வாழ்ந்து, பராபரன் என்னும் சொல்லை உடைய மொழிபெயர்ப்பை விட்டுக்கொடுக்க மறுத்து, அம்மறுப்பும் ஒரு காரணமாகத் தம் பணியையே இழந்தவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். பெத்லகேம் குறவஞ்சியின் ஆசிரியர் என்ற அளவில் நம் வட்டத்தினர் யாவரும் அவரை அறிவர். சிற்றிலக்கியம் கற்பிக்கும் ஆசிரியர்களாகிய நாங்களும் பெரும்பாலும் அந்த அளவிலேயே நிறுத்திக்கொள்கிறோம். கிறித்தவர் என்பவர் யார் என்ற வினா அவர் வாழ்நாள் முழுவதும் அவர் வீட்டு வாயிலில் நின்றது. அதற்கு அவர் தந்த விடையில் நாம் போற்றுவதும் உண்டு. போற்ற இயலாததும் உண்டு. அவ்விரண்டையும் ஒருங்கே கூறாத வரலாறு முழுமையாகாது.

நெல்லையிலிருந்து தஞ்சைக்கு

சாஸ்திரியார் 1774ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் திருநெல்வேலியில் வேளாளர் குடியொன்றில் பிறந்தார். தந்தையார் சைவராகப் பிறந்து, அருணாசலம் என்ற பெயரை விடுத்துத் தேவசகாயம் எனக் கத்தோலிக்கத் திருமுழுக்குப் பெற்றவர், உபதேசியாராகவும் இருந்தவர். ஆகவே சாஸ்திரியார் பிறந்தது கத்தோலிக்க வீட்டில். இளமையிலேயே தாயை இழந்தார்.

அக்காலத்துத் தமிழகத்தில் கத்தோலிக்கரும் லுத்தரன் சபையினரும் ஒருவரை ஒருவர் எவ்வாறு நோக்கினர் என்பதை அறிய வீரமாமுனிவரின் உரைநடை நூல்களே போதுமானவை. தேம்பாவணி பாடிய அதே கை, தரங்கம்பாடிச் சபையாரை மறுத்து வேத விளக்கம் எழுதியது. லுத்தர் இனத்தியல்பு என்று பெயரிலேயே பகை தெரியும் நூலையும் எழுதியது. தரங்கம்பாடியாரும் வாளாவிருக்கவில்லை. ஒரே சிலுவையின் கீழ் நின்றவர்கள் ஒருவர் மற்றவரைக் கிறித்தவராகக் கருதினரா என்பதே ஐயத்துக்குரியது. இந்த வேலியைத் தேவசகாயம் குடும்பத்தினர் தாண்டினர்.

தாண்டுவதற்கு வாயிலாக இருந்தவர் செர்மானியரான சுவார்ட்சு ஐயர். 1750இல் தரங்கம்பாடிக்கு வந்து, திருச்சிராப்பள்ளியில் பல்லாண்டு பணியாற்றி, 1778இலிருந்து தஞ்சையில் நிலைகொண்டவர். தமிழும் மராட்டியும் பாரசீகமும் அறிந்தவர், மணம் புரியாதவர், ஐதர் அலியிடம் ஆங்கிலக் கும்பினியாரால் தூது அனுப்பப்பட்டவர். பாளையங்கோட்டையில் குளோரிந்தா என்னும் மராட்டியப் பிராமணக் கைம்பெண் முயன்று எழுப்பிய ஆலயத்தை 1785இல் அவர் திறந்துவைத்தார். அக்காலத்தை ஒட்டியே, பன்னிரண்டு வயதை எட்டிய சிறுவன் வேதநாயகத்தின் அறிவுக்கூர்மையைக் கண்டு, தந்தையின் இசைவுடன் தஞ்சைக்கு அழைத்துச் சென்றார்.

சுவார்ட்சின் இல்லம் விந்தையானதொரு கலவை. அவர் பெற்ற குருப்பட்டம் லுத்தரன் முறையினது. ஊதியம் தந்ததோ ஆங்கிலத் திருச்சபையைச் சார்ந்த கிறித்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம். ஆட்சி மராட்டியருடையது, ஆலயத்தில் ஒலித்தது தமிழ். செர்மனியின் ஆலே நகரிலிருந்து புறப்பட்ட பக்தி இயக்கத்தின் மரபில் வந்தவர் அவர். ஒருவர் எந்த அமைப்பைச் சார்ந்தவர் என்பதைவிட, அவர் உள்ளம் திரும்பியதா, வேதத்தைத் தாமே படிக்கிறாரா என்பதே அம்மரபினருக்குப் பெரிது. எனவே ஆயர் கைவைத்துப் பட்டம் தந்தாரா என்ற வினாவை அவ்வீட்டில் யாரும் எழுப்பவில்லை. பின்னாளில் மன்னரான சரபோசியும் அதே சுவார்ட்சின் பாதுகாப்பில் வளர்ந்தார். சாஸ்திரியாருக்கு மூன்று வயது இளையவர். கிறித்தவராகாமலே இறுதிவரை அந்த ஆசானைத் தந்தையெனப் போற்றியவர் சரபோசி. ஆசான் இறந்தபின் இங்கிலாந்தின் சிற்பி பிளாக்சுமனைக் கொண்டு சலவைக்கல்லில் நினைவுச்சின்னம் வடிக்கச் செய்து தஞ்சைக்கு வரவழைத்தார்.

வேதநாயகம் தரங்கம்பாடிக்கும் அனுப்பப்பட்டார். அங்கு ஜான் ஐயர் முதலியோரிடம் இறையியலுடன் வானியலும் உடற்கூறும் கணிதமும் பயின்றார். 1794இல், இருபது வயது நிரம்புமுன்னரே, தஞ்சை வேதபாடசாலையின் தலைமையாசிரியரானார். நான்கு ஆண்டு கழித்து, 1798 பிப்ரவரி 13ஆம் நாள் சுவார்ட்சு மறைந்தார். அவர் வகுத்த வாழ்க்கை முறையே கிறித்தவம் என்று சாஸ்திரியார் இறுதிவரை நம்பினார். அவருடைய பிற்காலப் போர்கள் அனைத்தும் இந்நம்பிக்கையிலிருந்தே பிறந்தவை எனலாம்.

குறத்தி சொன்ன குறி

நெல்லை மண்ணில் பிறந்தவருக்குத் திருக்குற்றாலக் குறவஞ்சி காற்றிலேயே கலந்திருக்கும். தஞ்சை அரண்மனையிலும் கோயிலிலும் குறவஞ்சி நாட்டியமாக ஆடப்பட்ட காலம் அது. சாஸ்திரியார் அவ்வடிவத்தை எடுத்து 1800ஆம் ஆண்டளவில் பெத்லகேம் குறவஞ்சியை இயற்றினார். பெத்லகேம் நாதர் உலாப் போதருகின்றார். சீயோன் மகளாகிய தேவமோகினி அவரைக் கண்டு காதல் கொள்கின்றாள். திங்களையும் தென்றலையும் பழிக்கின்றாள். குறத்தி ஞானச்சிங்கி வருகின்றாள், மலைவளம் கூறுகின்றாள், கைபார்த்துக் குறி சொல்கின்றாள். அவளைத் தேடிச் சிங்கன் வலையோடு வருகின்றான். தேவமோகினி திருச்சபை, குறத்தி விசுவாசம், வலை நற்செய்தி. கதிரவனை நடுவாகக் கொண்டு கோள்கள் சுற்றும் புதிய வானியலும் உலகப் புவியியலும் இந்நூலில் இடம்பெற்றுள்ளன. தரங்கம்பாடிப் பாடசாலையும் குற்றாலச் சாரலும் ஒரே ஏட்டில் கூடிய நூல் தமிழில் இது ஒன்றே என்று துணிந்து கூறுவேன்.

இதன் துணிவு எத்தகையது என்பதை உணர அன்றைய ஆலயத்தில் எத்தகைய பாட்டு ஒலித்தது என்பதை நோக்க வேண்டும். லுத்தரன் சபையில் செர்மானிய மெட்டுக்குத் தமிழ்ச்சொல் நிரப்பிய ஞானப்பாட்டுகளே வழங்கின. பெப்ரீசியசு அவற்றைத் திறம்படச் செய்தார் என்பதில் ஐயமில்லை. ஆயினும் குறிலும் நெடிலும் மெட்டுக்கேற்ப நீண்டும் குறுகியும் தடுமாறும் அப்பாடல்கள் தமிழ்ச்செவிக்கு விருந்தாளிகளே. சாஸ்திரியார் வாழ்ந்ததோ காவிரிக்கரை. திருவையாற்றில் தியாகராசர் வாழ்ந்த காலம். முத்துசாமி தீட்சிதரும் சியாமா சாஸ்திரியும் பாடிய காலம். பல்லவி, அநுபல்லவி, சரணம் என்று இராகத்தோடும் தாளத்தோடும் பாடினால்தான் அது பாட்டு என்று கருதிய ஊரில், கிறித்தவரும் அவ்வாறே பாடலாம் என்று காட்டியவர் அவர்.

ஞானத்தச்ச நாடகம் நோவாவின் பேழையைத் தச்சர் தொழில் மரபோடு இணைத்துப் பாடியது. ஞான ஏற்றப்பாட்டு, ஞான நொண்டி நாடகம், பராபரன் மாலை, பேரின்பக் காதல், செபமாலை என்று நூல்கள் பெருகின. சகுனம், நாள் பார்த்தல் முதலியவற்றைச் சாஸ்திரக்கும்மியில் எள்ளி நகையாடினார்; அந்நகையாடலுக்குக் கிறித்தவரும் தப்பவில்லை. அவர் பாடியவை நூற்றுக்கும் மேற்பட்டவை என்பர். ஊரூராகச் சென்று தம் நூல்களைத் தாமே பாடி விரித்துரைத்தார். சென்னை வேப்பேரியிலும் அரங்கேற்றினார். ஊரார் தந்த பட்டங்கள் பல. சாஸ்திரியார் என்ற பட்டமே பெயராக நிலைத்தது.

சரபோசி மன்னர் தம் தெய்வமாகிய பெருவுடையார் மீதும் இத்தகையதொரு நூல் பாடுமாறு வேண்டினார் என்றும், சாஸ்திரியார் இணங்கவில்லை என்றும், வீடு திரும்பி இயேசுவையே துதிக்கத் தம் மனத்துக்குக் கட்டளையிடும் கீர்த்தனையைப் பாடினார் என்றும் செவிவழிச் செய்தி ஒன்று வழங்குகிறது. மன்னரும் அதன்பின் நட்பில் குறையவில்லை என்பர். மாற்றுச் சமயத்து மன்னரிடம் மறுக்கவும் முடிந்தது. மறுத்தபின் மதிப்போடு வாழவும் முடிந்தது. தம் சபைக்குள் அவருக்கு அது கிட்டவில்லை.

புதிய ஐயர்மார்

1820களில் தஞ்சைச் சபையின் நிலை மாறியது. சுவார்ட்சின் வளர்ப்பு மகனாகிய கோலாப் ஐயர் இருந்தார், முதுமை எய்தியிருந்தார். கிறித்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் தன் தென்னிந்தியப் பணித்தளங்களை எஸ்.பி.ஜி. என்னும் மற்றோர் ஆங்கிலச் சங்கத்திடம் ஒப்படைத்தது. 1814இல் கல்கத்தாவில் ஆயர் பதவி ஏற்பட்டிருந்தது. செர்மானிய லுத்தரன் குருமார் வளர்த்த சபை, ஆங்கிலேயரின் பொது செபப் புத்தகத்துக்கும் ஆயர் ஆணைக்கும் உட்பட்ட சபையாக மாறத் தொடங்கியது. ஞாயிறு காலையில் அதே ஆலயத்துக்கு, அதே பாதையில், அதே மக்கள் நடந்து சென்றனர். அவர்கள் சார்ந்த சபை மட்டும் அவர்களைக் கேளாமலே வேறாகிக்கொண்டிருந்தது.

புதிதாக வந்த இளைய குருமாருள் ஹாப்ரோ என்னும் டென்மார்க்கு நாட்டவர் தஞ்சையில் பொறுப்பேற்றார். இவர்களுக்கும் சாஸ்திரியாருக்கும் மூண்ட பகை 1829இல் முற்றியது. புதியவர்கள் இழைத்த கொடுமைகள் நான்கு என்று சாஸ்திரியார் எழுதிவைத்தார். பழகிய வேதாகம மொழிபெயர்ப்பைத் திருத்தியது ஒன்று. திருமணம் முதலிய விழாக்களில் மலரை விலக்கியது ஒன்று. ஆலயத்தில் தமிழ்க் கீர்த்தனைகளைத் தடுத்தது ஒன்று. எஞ்சிய ஒன்று, சாதிகளை ஒன்றாக்க முயன்றது.

முதல் மூன்றைப் படிக்கும்போது நம் நெஞ்சம் முற்றிலும் அவர் பக்கம் நிற்கிறது. மணமகளின் கூந்தலிலிருந்து பூவை எடுக்கச் சொல்லும் சமயம் எந்த நாட்டின் குளிரை இங்கே கொண்டுவந்தது என்று கேட்கத் தோன்றுகிறது. வழிவழியாகச் செபித்த சொற்களை ஒரு குழுவினர் கூடித் திருத்திவிட்டால், பாட்டி சொல்லித் தந்த செபம் பிழையாகிவிடுமா என்ற கேள்வியும் நியாயமே. கீர்த்தனைத் தடையோ கவிஞனின் மூச்சை நிறுத்துவது. தேவமோகினியின் விரகமும் குறத்தியின் ஆட்டமும் ஐரோப்பியச் செவிக்குத் தேவதாசியரின் சதிரை நினைவூட்டின; அவ்வளவே. உலாவும் காதலும் பக்தியாவதைத் தேவாரம் கேட்டு வளர்ந்த நாடு அறியும், அவர்கள் அறிந்திலர்.

நான்காவதில் நாம் தயங்கி நிற்கிறோம்.

ஆலயத்தின் மறுபுறம்

சுவார்ட்சின் காலத்திலிருந்தே தஞ்சை ஆலயத்தில் வேளாளக் கிறித்தவர் ஒருபுறமும் பறையர் குலக் கிறித்தவர் மறுபுறமும் தனித்தனியே அமர்ந்தனர். திருவிருந்தில் உயர்ந்தோர் எனப்பட்டவர் முதலிலும் மற்றவர் பின்னரும் வந்தனர். காலப்போக்கில் இது தேயும் என்று பழைய ஐயர்மார் பொறுத்திருந்தனர். பொறுமை வளர்ந்தது, பழக்கமும் வளர்ந்தது. புதியவர்கள் ஒன்றாக அமரவேண்டும் என்றபோது சாஸ்திரியார் எதிர்த்துத் தனி நூல்களே எழுதினார். சாதியைத் திருத்த முயல்வது பைத்தியம் என்பது அவற்றுள் ஒன்றன் பொருள். சாதி உலக ஒழுங்கு. ஆன்மாவின் மீட்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஐரோப்பியரிடையிலும் உயர்ந்தோர், தாழ்ந்தோர் என்ற வரிசை இல்லையா என்று வாதிட்டார்.

கடைசி வாதம் கூர்மையானது. தம்மோடு தமிழரைச் சமமாக மேசையில் அமர்த்தாத வெள்ளையர் பலர் சமத்துவம் போதித்தனர் என்பது உண்மையே. ஆயினும் எதிரியின் குறையைச் சுட்டுவது தம் குறைக்கு விடையாகாது. சாஸ்திரியார் சூத்திரக் கிறித்தவர் என்ற பெயரைக் கூசாமல் ஏற்றார். ஆலயத்தின் மறுபுறம் அமர்ந்தவர்களின் குரல் அவருடைய நூல்களில் எதிராளியின் குரலாகக்கூடப் போதிய அளவு ஒலிக்கவில்லை.

அக்குரலுக்குத் தஞ்சையிலேயே முன்வரலாறு உண்டு. இராசநாயக்கன் என்பவர் தஞ்சை மன்னரின் படையில் சேர்வைக்காரராக இருந்தவர், பறையர் குலத்தவர், கத்தோலிக்கராக இருந்தவர். தரங்கம்பாடியில் அச்சான புதிய ஏற்பாட்டைப் படித்து லுத்தரன் சபைக்கு வந்தார். தஞ்சை நாட்டில் அச்சபை வேரூன்ற உழைத்தோருள் அவர் தலையாயவர். 1733இல் ஆரோன் என்னும் வேளாளருக்கும், 1741இல் தியோகு என்பவருக்கும் குருப்பட்டம் தரப்பட்டது. இராசநாயக்கனுக்கு அது தரப்படவில்லை. அவர் கையிலிருந்து திருவிருந்தை உயர்சாதியார் ஏற்கமாட்டார் என்பதே காரணம். சாஸ்திரியார் பிறப்பதற்கு மூன்றாண்டு முன்னர், 1771இல், உபதேசியாராகவே அவர் மறைந்தார். சாதிக்கும் சமயத்துக்கும் தொடர்பில்லை என்ற வாதத்துக்கு இராசநாயக்கனின் வாழ்க்கையே மறுப்பு. குருப்பட்டம் உலக ஒழுங்கைச் சார்ந்ததன்று. சமயத்தின் நடுவிடத்தைச் சார்ந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் பெத்லகேம் குறவஞ்சியை நடத்தி முடித்தபோது மாணவி ஒருத்தி எழுந்து, சாஸ்திரியார் பாடும்போது அந்தப் பக்கத்தில் இருந்தவர்களும் சேர்ந்து பாடினார்களா என்று கேட்டாள். தனித்தனி இருக்கையைப் பற்றி நான் போகிற போக்கில் ஒரு வரிதான் கூறியிருந்தேன். குறவஞ்சியின் அமைப்பையும் உருவகத்தையும் அத்தனை விரிவாக நடத்திய எனக்கு அவ்வினா அதுவரை தோன்றவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதன்பின் நூலை மீண்டும் படித்தேன். விசுவாசத்துக்கு வடிவமாக அவர் தேர்ந்தெடுத்தது வேளாளப் பெண்ணை அன்று. கூடையும் கோலும் தாங்கித் தெருவில் வரும் குறத்தியை. உயர்குடித் தலைவி தன் உள்ளங்கையைக் குறத்தியிடம் நீட்டினாலன்றித் தலைவனை அடையும் வழி அறியாள். கவிதை இட்ட இருக்கையை அதன் ஆசிரியர் ஆலயத்தில் இடவில்லை. இலக்கண மரபு அவ்வாறு என்று கூறி நழுவலாம். குறவஞ்சி என்றால் குறத்தி வந்தே தீரவேண்டும் அல்லவா? எனக்கு அவ்விடை நிறைவு தரவில்லை.

பிரிந்த வழிகள்

1829இல் சாஸ்திரியார் சபைப்பணியிலிருந்து நீக்கப்பட்டார். சரபோசி அவரை அரசவைக் கவிஞராக்கி ஆதரித்தார். ஆயர் எபர் 1826இல் தஞ்சைக்கு வந்தபோது சாதிப் பிரச்சினையை மென்மையாகவே அணுகினார். அடுத்த சில நாள்களில் திருச்சிராப்பள்ளியில் மறைந்தார். பின்னர் வந்த ஆயர் வில்சன் 1833இல் விடுத்த சுற்றறிக்கையில் மென்மை இல்லை. சபைகளில் சாதி வேறுபாடு உடனே, முற்றாக ஒழியவேண்டும் என்றார். சென்னையிலும் தஞ்சையிலும் நூற்றுக்கணக்கானோர் சபையை விட்டு விலகினர். 1835இன் தொடக்கத்தில் வில்சன் தாமே தஞ்சைக்கு வந்து பேசியும் பிளவு ஆறவில்லை. மன்னர் 1832இலேயே மறைந்துவிட்டமையால் அரண்மனை ஆதரவும் இல்லாமற் போனது. அறுபதை எட்டிய கவிஞர் மீண்டும் ஊர்ஊராகப் பாடிப் பிழைக்கலானார்.

இதே ஆண்டுகளில் எதிரணியிலும் விந்தைகள் நேர்ந்தன. வேதாகமத்தைத் திருத்தியவரும் சாதியை விடாது எதிர்த்தவருமான இரேனியசு, ஆங்கிலத் திருச்சபையின் முறைகளைக் குறைகூறி எழுதியமைக்காக 1835இல் தம் சங்கத்தால் நீக்கப்பட்டார். சாஸ்திரியாரும் இரேனியசும் ஒருவர் கருத்தை மற்றவர் ஏற்காதவர்கள். லுத்தரன் மரபில் வளர்ந்த அவ்விருவருமே ஆங்கிலச் சபையின் நிழலில் இடமின்றிப் போயினர். 1840களில் செர்மனியிலிருந்து லுத்தரன் மிஷன் ஒன்று, பின்னாளில் லைப்சிக் மிஷன் எனப்பட்டது, தரங்கம்பாடியில் பணி தொடங்கியது. சாதி பற்றி அது கடுமை காட்டவில்லை. ஆங்கிலச் சபையை விட்டகன்ற பலர் அதில் சேர்ந்தனர். பெப்ரீசியசின் மொழிபெயர்ப்பும் அங்கே போற்றப்பட்டது. பழைய தமிழும் பழைய இருக்கையும் ஒன்றையொன்று பிரியாமல் ஒரே வண்டியில் ஏறின என்பது வருத்தத்துக்குரிய உண்மை.

ஆனால் கீர்த்தனைகள் வேறு வண்டியில் சென்றன. மதுரை வட்டாரத்தில் அமெரிக்க மிஷன் 1834 முதல் பணியாற்றியது. இவர்களுக்கு ஆயரும் இல்லை, பொது செபப் புத்தகமும் இல்லை. ஒவ்வொரு சபையும் தன்னைத்தானே ஆளும் மரபினர். சாதியில் இவர்களினும் கடுமையானவர் இலர். கூடி உண்ண மறுப்போர் சபை உறுப்பினராக இயலாது என்று 1847இல் விதித்து, தம் உபதேசிமார் பலரையே இழந்தனர். இந்த மிஷனைச் சார்ந்த எட்வர்டு வெப் என்பவர்தாம் தமிழ்க் கீர்த்தனைகளின் அருமையை உணர்ந்தார். முதுமையிலிருந்த சாஸ்திரியாரின் பாடல்களை மிகுதியாகத் தொகுத்து 1853இல் வழிபாட்டுக்குரிய நூலாக அச்சிட்டார். தஞ்சை ஆலயம் விலக்கிய பாடல்களை, சாஸ்திரியாரின் சாதிக்கொள்கையை ஒரு கணமும் ஏற்காத சபை தன் பீடத்தருகே வைத்துப் பாடியது. அங்கே பாடியவர்கள் ஒரே பாயில் அமர்ந்திருந்தனர். அத்தொகுதியைக் கையில் வாங்கியபோது சாஸ்திரியார் என்ன நினைத்திருப்பார் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

அவர் 1864 சனவரி 24ஆம் நாள் தஞ்சையில் காலமானார். அப்போது வயது எண்பத்தொன்பது. அதற்குள் மராட்டிய அரசு முடிந்து ஆண்டுகள் பல ஆகியிருந்தன. தரங்கம்பாடியை டேனியர் 1845இல் விற்றுவிட்டிருந்தனர். பாடல்கள் பலமுறை அச்சாயின. சாதி பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் கையெழுத்துப் படிகளாகவே தங்கின. எதை அச்சிடுவது, எதை அடுக்கில் விடுவது என்பதில் பின்வந்தோர் காட்டிய தேர்வே அவரைப் பற்றி நாம் அறிந்ததன் எல்லையாயிற்று.

1919இல் தரங்கம்பாடி மரபினர் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையாக அமைந்தனர். 1947இல் ஆங்கிலச் சபையாரும் மதுரை அமெரிக்க மிஷன் வழிவந்தோரும் மற்றும் சிலரும் இணைந்து தென்னிந்தியத் திருச்சபையாயினர். லுத்தரன் சபையார் வெளியே நின்றனர். 1995இல் கத்தோலிக்கரும் பிற சபையாரும் கூடி உழைத்த திருவிவிலியம் வெளிவந்தது. அதில் சர்வேசுரனும் இல்லை, பராபரனும் இல்லை. கடவுள் என்ற சொல்லே உள்ளது. சாஸ்திரியார் இருந்திருப்பின் அதற்கும் ஒரு கண்டன நூல் எழுதியிருப்பார் என்று எண்ணுகிறேன். கல்லறைத் தோட்டத்திலும் கிறித்து பிறப்புப் பவனியிலும் அவர் கீர்த்தனைகள் இன்றும் கேட்கின்றன. பாடுவோருள் அந்த ஆலயத்தில் இருபுறமும் அமர்ந்தவர்களின் வழித்தோன்றல்கள் உண்டு. பாடும் பாட்டு யாருடையது என்பதை அவர்களுள் பலர் அறியார்.